ஆறுதலாக் கதைப்பம்

"ஆறுதலா வாங்கோ."

இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள கிளிநொச்சியில் இருந்து ஒருவர் தொலைபேசியில் இப்படிச் சொன்னால், மதுரையில் இருந்து கேட்பவர் ஒரு கணம் குழம்புவார். யாருக்கு என்ன ஆயிற்று, எதற்கு ஆறுதல்? சொன்னவர் நினைத்தது வேறு. அவசரம் இல்லை, உங்கள் பாட்டில் வாருங்கள் என்பதுதான் பொருள். பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கும் வயதானவருக்குக் கொண்டக்டர் சொல்வது "ஆறுதலா இறங்குங்கோ ஐயா." சைக்கிள் பழகும் பிள்ளைக்குத் தகப்பன் சொல்வது "ஆறுதலா உழக்கு." கோபத்தில் மூச்சு வாங்கியபடி படலைக்குள் (வேலிக் கதவுக்குள்) வந்து நிற்கிறவனுக்குச் சொல்வது "இரு, ஆறுதலாக் கதைப்பம்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சொல்லின் முழு வேலையும் தெரிகிறது. மெதுவாகக் கதைப்போம், பிறகு கதைப்போம், சூடில்லாமல் கதைப்போம் என்ற மூன்றும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. மென்மையான பேச்சைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இன்சொல், மென்மொழி, தேமொழி, பணிமொழி என்று இலக்கியம் நிறைய உண்டு. அவை பேச்சின் சுவையைச் சொல்பவை. காதுக்கு அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்பவை. ஆறுதல் என்பதோ பேச்சுக்குக் கொடுக்கப்படும் நேரத்தைச் சொல்கிறது. வன்னியில் ஒருவர் நல்லபடியாகக் கதைக்கத் தெரிந்தவரா என்பதைக் குரலின் மெதுமையை வைத்து எவரும் அளப்பதில்லை. வரம்பில் நின்று நாலு வரவைக்கு (வயற்பாத்திக்கு) அப்பால் நிற்பவரோடு கதைக்க வேண்டிய இடத்தில் மெதுவான குரல் யாருக்குக் கேட்கும்? அங்கே குரலைத் தாழ்த்தினால் 'என்ன குசுகுசுக்கிறாங்கள்' என்ற சந்தேகம்தான் வரும். உரத்த குரலிலும் ஆறுதலாகக் கதைக்கலாம். தாழ்ந்த குரலிலும் ஆளை அறுக்கலாம்.

போகிற போக்கில் ஒன்று: 'மென்மையாகப் பேசுதல்' என்று பாடப்புத்தகம் எழுதுவதை இங்கே அப்படியே வாய்க்குள் எடுக்க முடியாது. வடக்கில் 'பேசு' என்றால் ஏசு, திட்டு. "அம்மா பேசுவா" என்று பிள்ளை முகம் சுருங்கினால் அடுத்து விழப்போவது ஏச்சு. "நல்லாப் பேச்சு வாங்கினான்" என்றால் மேடையேறினான் என்று பொருளல்ல. உரையாடலுக்கு உரிய சொல் 'கதை'. ஆனால் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து பெருமளவில் வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்குப் 'பேசு' என்பது வெறும் பேச்சுத்தான். "டீச்சர் என்கூடப் பேசினாங்க" என்று ஒரு பிள்ளை மகிழ்ச்சியாகச் சொல்ல, பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை "பாவம், ஏன் பேசினவ?" என்று கேட்கும். வன்னியில் ஆசிரியராகவோ உத்தியோகத்தராகவோ வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இனி 'ஆறு' என்ற வினைக்கு வருவோம். சோறு ஆறும், கஞ்சி ஆறும், புண் ஆறும், களை ஆறும், கோபம் ஆறும். இவை எதிலும் வெளியில் இருந்து ஒருவர் வந்து எதையும் செய்வதில்லை. பொருள் தன் பாட்டில் தன் சூட்டை விடுகிறது. 'தணி' பெரும்பாலும் அப்படியல்ல. தாகம் தணியத் தண்ணீர் வேண்டும், காய்ச்சல் தணிய மருந்து வேண்டும், நெருப்புத் தணிய ஏதாவது ஊற்ற வேண்டும். ஆறுவதற்கு வேண்டியவை காற்றும் நேரமும் மட்டுமே. 'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா' என்ற பழமொழி அந்த நேரத்தைத்தான் கேட்கிறது.

அதன் பிறவினை 'ஆற்று', வாயில் 'ஆத்து'. கொதிக்கிற தேத்தண்ணியை இரண்டு பேணிக்கு இடையில் இழுத்து ஊற்றுவது ஆத்துவது. மூன்று நான்கு தரம் ஆத்தினால் குடிக்கிற சூட்டுக்கு வரும். ஏழெட்டுத் தரம் ஆத்தினால் அது ஆறின தேத்தண்ணி. ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். கையை அளவுக்கு மீறி உயர்த்தினால் பாதி நிலத்துக்குப் போகும். துக்கத்தில் இருப்பவரை ஆற்றப் போகிறவர்களும் இதே இரண்டு பிழைகளைத்தான் செய்கிறார்கள். ஒன்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருப்பது. மற்றது, தங்கள் கெட்டித்தனம் தெரிய உயர்த்தி ஊற்றுவது. ஆறவிடுவது வேறு, ஆற்றுவது வேறு. முன்னதில் மற்றவருக்கு இடம் கொடுக்கிறோம். பின்னதில் நம் கை வேலை செய்கிறது. ஆறுதலாகக் கதைப்பதில் பெரும்பங்கு முன்னதுதான்.

பழைய நூல்களில் இந்த வினை எங்கே வருகிறது என்று பார்த்தால் சுவையாக இருக்கும். 'அறம் செய விரும்பு' என்று தொடங்கும் ஆத்திசூடியின் இரண்டாவது அடியே 'ஆறுவது சினம்'. அடக்குவது சினம் என்று ஔவை சொல்லவில்லை. சினத்தை ஆறக்கூடிய ஒரு பொருளாக வைத்தார். 129ஆம் குறளில் தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது. முன்னது ஆறிவிடுவதால் புண் என்றும், பின்னது ஆறாமல் கிடப்பதால் வடு என்றும் பெயர் பெற்றதாகப் பரிமேலழகர் விளக்குகிறார். 91ஆம் குறள் இன்சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது 'ஈரம் அளைஇ' என்கிறது. அன்பு கலந்து என்று உரைகாரர் பொருள் எழுதினாலும், அந்தச் சொல் முதலில் தருவது ஈரத்தைத்தான். அதே குறளில் 'படிறு இலவாம்' என்ற நிபந்தனையும் உண்டு: வஞ்சகம் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈழத்துப் பேச்சில் சொற்களே இருக்கின்றன. 'நைசாக் கதைக்கிறான்' என்றால் காரியம் பார்க்கிறான். 'தேன் ஒழுகக் கதைக்கிறா' என்றால் கவனமாக இரு என்று பொருள். 'அமசடக்கு' என்பது இன்னும் கூர்மையான சொல். வெளியில் சத்தமில்லை, முகத்தில் ஒன்றுமில்லை, உள்ளே கணக்கு ஓடுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஊமைக்குசும்பு என்பார்கள். ஆனால் குசும்பில் ஒரு வேடிக்கை உண்டு, அமசடக்கில் அது கிடையாது.

அக்கம்பக்கத்துச் சொற்கள் இன்னும் மூன்று. 'தன்மையாச் சொல்லு' என்பது மரியாதையையும் தொனியையும் சேர்த்துச் சொல்வது. எடுத்தெறிந்து கதைப்பதற்கு நேர் எதிரானது. 'பதமாச் சொல்லு' என்பது அளவைச் சொல்வது. பாகு பதம், நெல் புழுக்கிற பதம் என்று கை அறிந்த பதம். முன்னே எடுத்தாலும் பிழை, பின்னே எடுத்தாலும் பிழை. 'பக்குவமாச் சொல்லு' என்றால் கேட்பவரின் நிலையைப் பார்த்துச் சொல். அதனால்தான் வருத்தக்காரருக்கு வைத்தியர் சொன்னதைத் தெரிவிக்கும்போது 'பக்குவமா' வருகிறது. கடன் கேட்கப் போகும்போது 'தன்மையா' வருகிறது. கோபம் நடுவில் நிற்கும்போது 'ஆறுதலா' வருகிறது. இவற்றை மாற்றிப் போட்டாலும் விளங்கும், ஆனால் கொஞ்சம் இடறும்.

கலியாண விளம்பரங்களில் இந்தச் சொற்கள் படும் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். 'அமைதியான சுபாவம், மென்மையாகப் பேசும் மணமகள்' என்று எழுதினால் அது குரலைப் பற்றிய குறிப்பல்ல; வாய் காட்டாதவள் என்ற உத்தரவாதம். பெண்ணுக்கு 'வாய்க்காரி' என்ற பெயர் ஒரு பின்னேரத்தில் கிடைத்துவிடும். 'வாய்க்காரன்' என்ற சொல் இருந்தாலும் அரிதாகத்தான் ஆணின் முதுகில் ஏறும். 'தன்மையான பெடியன்' என்பது பாராட்டு. 'தன்மையான பெட்டை' என்பது பல வீடுகளில் எதிர்பார்ப்பு. ஒரே சொல்லுக்கு இரண்டு விலை.

சரி, ஆறுதலாகக் கதைப்பது எப்படி நடக்கிறது? நல்ல மனம் இருந்தால் போதும் என்பார்கள். போதாது. அதற்கு மொழியில் கருவிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரியாமல் கையாண்டால் நல்ல மனமும் முரட்டுத்தனமாகவே கேட்கும்.

முதலாவது ஏவல். 'வா, வாரும், வாங்கோ' என்று மூன்று படிகள். நடுப்படியான 'நீர்' தமிழ்நாட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கணவன் மனைவியோடு, ஆசிரியர் வளர்ந்த மாணவரோடு, புதிதாக அறிமுகமான சம வயதினர் தங்களுக்குள் என்று அது ஒரு கை நீளத் தூரத்தை வைத்திருக்கும். இளையவர் மூத்தவரை 'நீர்' என்றால் அது அவமதிப்பு. எப்போதும் 'நீ' என்று அழைக்கும் தாய் திடீரென்று மகளை 'நீர் போம்' என்றால் மழை வரப்போகிறது. மேல்படியான 'வாங்கோ' மட்டும் எங்கும் பாதுகாப்பானது. ஆனால் பாதுகாப்பானது என்பதற்காக எல்லாரிடமும் அதையே போட்டால், நெருங்கிய ஆள் 'ஏன் என்னை அந்நியமாக்கிறாய்' என்று கேட்பார்.

இந்த மூன்று படிகளிலும் ஒட்டக்கூடிய ஒரு சின்ன விகுதிதான் பெரிய வேலை செய்கிறது. வாவன், வாருமன், வாங்கோவன். இரன், இருமன், இருங்கோவன். 'இருங்கோ' என்பதைக் கட்டளையாகவும் எடுக்கலாம். 'இருங்கோவன்' என்பது கதிரையை இழுத்துப் போட்ட மாதிரி. கேட்பவருக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. அந்த இடம்தான் மென்மை. ஒரு தரம் சொன்னால் அழைப்பு. அதையே அடுத்தடுத்து 'சொல்லன், சொல்லன்' என்று மூன்று தரம் சொன்னால் நச்சரிப்பு. 'சொல்லித் தொலையன்' என்றால் அதே விகுதி பல்லைக் காட்டுகிறது. ஆகவே விகுதிக்கென்று தனிப் புண்ணியம் கிடையாது; எண்ணிக்கையும் வினையும்தான் தீர்மானிக்கின்றன.

வாக்கியக் கடைசியில் வரும் 'என்ன' இன்னொன்று. "நாளைக்கு மறக்காமல் கொண்டு வாங்கோ, என்ன." குரல் இறங்கி முடிந்தால் அது தோளில் கை வைப்பது போல. குரல் ஏறினால் மிரட்டல். எழுத்தில் இந்த ஏற்றமும் இறக்கமும் போய்விடுகின்றன. அதனால்தான் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் கோபித்துக்கொள்கிறார்கள். 'ம்' என்ற ஓரெழுத்துப் பதில் நேரில் தலையாட்டலோடு வந்தால் முழுச் சம்மதம். திரையில் அது மூடிய படலை. 'ஓம்' என்று முழுதாக எழுத இன்னும் அரை நொடிதான் பிடிக்கும். வயதானவர்களுக்குக் குரற்பதிவே அனுப்புவது நல்லது.

கேள்வியில் '-ஓ' போடுவது '-ஆ'வை விடத் தணிவானது. "தருவீங்களோ", "வரட்டோ", "எடுக்கட்டோ" என்றால் தீர்மானம் மற்றவரின் கையில் இருக்கிறது. தொலைபேசியை முடிக்கும்போது "சரி, வைக்கிறன்" என்பது படக்கென்று கேட்கும். "அப்ப வைக்கட்டோ?" என்று கேட்டு, மறுபக்கம் "ஓம், வையுங்கோ" என்று சொன்ன பிறகு வைப்பதுதான் முறை. கனடாவில் இருந்து எடுக்கிற மகனுக்கு இந்த இரண்டு வாக்கியமும் வீண் செலவாகத் தெரியலாம். முல்லைத்தீவில் இருக்கிற தாய்க்கு அவைதான் உரையாடலின் முடிவு.

உறவுச் சொல்லை வைக்கும் இடமும் கணக்குத்தான். "தம்பி, இதைக் கொஞ்சம் பிடியும்" என்றால் கூப்பிடுகிறோம். "இதைக் கொஞ்சம் பிடியும் தம்பி" என்றால் தணிக்கிறோம். ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் 'தம்பி' போட்டால் அது கெஞ்சலாகவோ கேலியாகவோ போகும். மூத்தவர்களுக்கு மோனை, ராசா, பிள்ளை, அப்பன், குஞ்சு என்று விரித்த கை. இளையவர்களுக்கு அவ்வளவு சுதந்திரம் இல்லை. ஐயா, அம்மா, அண்ணை, அக்கா என்ற நான்கோடு நின்றுகொள்வது உத்தமம். கவுண்டரில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை, ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை 'ஆச்சி' என்று அழைத்துவிட்டு, ஏன் அவ முகம் கறுத்தது என்று யோசிக்கத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும் விட ஆழமான கருவி ஒன்று உண்டு. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று படித்தது. 'கோப்பை உடைஞ்சு போச்சு' என்பதற்கும் 'கோப்பையை உடைச்சுப் போட்டாய்' என்பதற்கும் இடையில் ஒரு குடும்பச் சண்டையே நிற்கிறது. முன்னதில் கோப்பை மட்டும் இருக்கிறது. பின்னதில் குற்றவாளி இருக்கிறார். ஆறுதலாகக் கதைக்கத் தெரிந்தவர்கள் தெரிந்தோ தெரியாமலோ தன்வினையில் தொடங்குகிறார்கள்.

வாய்க்கால் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் குளத்து நீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள்; பிறகு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் என்றாலும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் என்றாலும், வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் முதலில் வரும், கடைவயலுக்குக் கடைசியில்தான் வரும். தலைப்பில் இருப்பவர் வாய்க்காலை மறிக்கும் பலகையைப் போட்டபடி வீட்டுக்குப் போய்விட்டால் கீழே பயிர் வாடும். கடைவயல்காரர் போய் "ஏன் தண்ணியை மறிச்சு வச்சிருக்கிறாய்? எங்கடை பயிரைக் காய விட்டிட்டாய்" என்றால், அவர் சொன்னது முழுக்க உண்மை. அன்று இரவும் பலகை எடுபடாது. அதையே இப்படிக் கேட்டால்: "அண்ணை, கடைசி வரவையள் வெடிக்கத் தொடங்கீட்டுது. உங்கடை நிரம்பினாப் பிறகு பலகையை எடுத்து விடுவீங்களோ? நான் ஆறு மணிக்கு வந்து பாக்கிறன்."

இதில் நான்கு வேலை நடக்கிறது. உறவுச் சொல் முன்னே வருகிறது, ஏனென்றால் கூப்பிட வேண்டும். பயிர் தானாக வாடுகிறது, வாட்டியவர் யாரும் இல்லை. உங்கள் வயல் முதலில் நிரம்பட்டும் என்று அவருடைய பங்கு ஒப்புக்கொள்ளப்படுகிறது. கடைசியில் ஒரு நேரம் குறிக்கப்படுகிறது. இந்தக் கடைசி இல்லாவிட்டால் மேலே உள்ள மூன்றும் வெறும் இனிப்பு. 'ஒருக்கா எடுத்து விடுங்கோவன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் "ஓம், பாப்பம்" என்ற பதில் வரும். பாப்பம் என்றால் பார்க்கமாட்டோம். ஆறு மணிக்கு வந்தும் பலகை கிடந்தால் அடுத்த படி கமக்காரர் (உழவர்) அமைப்பு. அங்கே பிறவினையில் பேசலாம், பேசவும் வேண்டும்.

இந்தப் 'பாப்பம்' தனிக் கட்டுரைக்குரியது. மறுப்பதற்கு நம்மிடம் 'இல்லை' என்ற சொல் இருந்தும் அதை முகத்தில் அடித்த மாதிரி என்று ஒதுக்கிவிட்டோம். கைமாற்றுக் கேட்டு வருகிறவரிடம் "பாப்பம்" என்பது மென்மை போலத் தோன்றும். அவர் அதை நம்பி இன்னொரு இடத்தில் கேட்காமல் இரண்டு நாள் இருப்பார்; அது கொடுமை. "இப்ப கையிலை இல்லைத் தம்பி. அருவி வெட்டி முடியட்டும், அப்பவும் தேவையெண்டால் கேளும்" என்பது மறுப்பு; ஆனால் ஆறுதலான மறுப்பு. அதில் 'இல்லை' தெளிவாக இருக்கிறது, காலமும் இருக்கிறது (அருவி வெட்டு என்பது நெல் அறுவடை), ஆளுக்கு முகம் இருக்கிறது.

கந்தோர்களில் (அலுவலகங்களில்) 'ஆறுதல்' படும் பாடு இதைவிட மோசம். "ஆறுதலா வாங்கோ, பாத்துச் சொல்லுறம்" என்று மேசைக்கு அப்பால் இருந்து வரும் வாக்கியம் மிக மென்மையானது. வாங்கோ என்ற மரியாதை இருக்கிறது, ஏச்சு இல்லை. கேட்பவர் ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர். அவருக்கு அந்தச் சொல்லில் இருப்பது திகதி இல்லாமை மட்டும்தான். நேரத்தைக் கொடுப்பதுதான் ஆறுதல் என்றால், மற்றவரின் நேரத்தை எடுத்துக்கொண்டு அதே பெயரைச் சொல்வது களவு. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பதை இங்கேதான் நினைக்க வேண்டும். "இண்டைக்கு ஏலாது அம்மா. வாற புதன் ஒன்பது மணிக்கு வாங்கோ, இந்த மேசைக்கே வாங்கோ" என்று சொல்லக் கூடுதலாக மூன்று நொடி போதும்.

துக்கச் செய்தி சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. அதில் பாதி இப்போது ஆபத்தாகிவிட்டது. முன்பு ஆள் அனுப்பிச் சொல்லும்போது 'கடுமையா இருக்கு, வெளிக்கிட்டு வாங்கோ' என்று தொடங்கி, வழியில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பார்கள். கூட ஒருவர் நடந்து வந்ததால் அது வேலை செய்தது. இன்று அதே வாக்கியத்தைத் தொலைபேசியில் சொன்னால், கேட்டவர் தனியாக மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் பறப்பார். ஆகவே முதலில் கேட்க வேண்டியவை: எங்கே நிற்கிறீர்கள், ஓடிக்கொண்டு வாறீங்களோ, பக்கத்தில் ஆர் இருக்கினம்? வண்டி ஓடுகிறவர் என்றால் நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மிச்சம். பிறகு ஒரே ஒரு தரம், தெளிவாக: "அப்பா தவறிட்டார்." தவறிட்டார், மோசம் போயிட்டார் என்ற சொற்களில் மென்மையும் இருக்கிறது, ஐயமும் இல்லை. 'ஒரு மாதிரித்தான் இருக்கு' என்ற சுற்றுவழியில் மென்மை இல்லை. சொல்பவரின் பயம்தான் இருக்கிறது. சொன்ன பிறகு வாய் மூட வேண்டும். மறுமுனையில் அழுகை வரும், அல்லது ஒன்றுமே வராது. அந்த வெறுமையை நிரப்ப 'விதி', 'கடவுள்' என்று எதையும் ஊற்றாமல் காத்திருப்பதுதான் ஆறவிடுவது. "நான் வாறன், அங்கையே நில்லுங்கோ" என்பது அதன் பிறகு.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவள் ஈழத்தில் இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கியது நந்திக்கடற்கரையில் என்றும், பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆனது என்றும் அங்கே சொல்வார்கள். மூதாட்டி வடிவில் வந்தவளை மாடு மேய்க்கும் சிறுவர்கள் கண்டார்கள். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை எடுத்து எரிக்கச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள்; பார்த்தவர்களுக்குத் தலை நிறையக் கண்கள் தெரிந்தன. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். கதையில் கவனிக்க வேண்டியது, ஒரு நகரத்தை எரித்த கோபத்துக்கு எவரும் ஆறுதல் சொல்லவில்லை என்பதை. ஏன் எரித்தாய் என்று கேட்கவில்லை, போனது போகட்டும் என்றும் சொல்லவில்லை. சோறு, வெளிச்சம், தலையில் ஒரு கை. நிகண்டு வழியே வன்னி என்ற சொல்லுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. ஊர்ப்பெயருக்கு அதுதான் காரணம் என்று யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், ஆனால் நினைத்துப் பார்க்கலாம்.

தன்வினை மென்மையானது என்று மேலே சொன்னதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை மொழியியலாளர் எவரும் வகுக்கவில்லை; கிளிநொச்சியில் தெருவில் இருந்த தாய்மார் வகுத்தார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அவர்கள் பதாகையில் எழுதியது 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. 'காணாமல் போனோர்' என்பதுதான் காதுக்கு மெதுவானது. கோப்பை உடைந்து போன மாதிரி, பிள்ளை காணாமல் போனது. அதில் ஆக்கியவர் இல்லை. நாம் வீட்டில் சண்டை வராமல் இருக்கக் கையாளும் அதே இலக்கணம், இங்கே பொறுப்பை அழிக்கிறது. போரின் முடிவில் படையினர் கையில் ஒப்படைத்த பிள்ளையைப் பற்றி 'போனான்' என்று சொல்ல அவர்கள் மறுத்தார்கள். ஆகவே பத்திரிகையில் எழுதுகிறவர், படிவம் தயாரிக்கிறவர், கூட்டத்தில் வரவேற்புரை சொல்கிறவர் எவரானாலும் இந்தச் சொல்லில் மென்மையைத் தேடக் கூடாது. 'ஆக்கப்பட்ட' என்பது நீளமாக இருக்கிறது, வாயில் இடறுகிறது, இடறட்டும்.

அந்த வீடுகளில் 'ஆறுதல்' என்ற சொல்லையே கவனமாகத்தான் எடுக்க வேண்டும். ஆறுதல் சொல்ல வருவது செத்தவீட்டுக்கு. "ஆறுதல் சொல்லீட்டுப் போக வந்தனாங்கள்" என்று படலையைத் திறந்தால், அந்தத் தாய் இதுவரை ஏற்றுக்கொள்ளாத ஒன்றை நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். "ஆறுதலா இருங்கோ" என்றாலும், இன்னும் பொறு என்றுதான் கேட்கும். அவர் பொறுத்தது போதும். "உங்களைப் பாத்திட்டுப் போக வந்தனாங்கள்" என்பதில் பிழை இல்லை.

பிறகு காலம். அவர் மகனைப் பற்றிச் சொல்லும் முதல் வினையைக் கேளுங்கள். 'நல்லாப் படிக்கிறவன்' என்பதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். நம் பேச்சில் அது பழைய நாளைப் பற்றியும் வரும், இன்றைப் பற்றியும் வரும். 'இருக்கிறான்' என்றால் நீங்களும் இருக்கிறான். அவரே 'இருந்தவன்' என்று சொன்ன பிறகுதான் நீங்கள் இறந்தகாலத்துக்குப் போகலாம். அப்போதும் அடுத்த வாக்கியத்தில் அவர் திரும்பி வந்துவிட்டால் நீங்களும் கூடவே திரும்ப வேண்டும். எதுவும் பிடிபடவில்லை என்றால் வினையே இல்லாமல் கேட்கலாம். 'மகன்ரை பேர் என்ன?', 'எந்தப் பள்ளிக்கூடம்?' தமிழில் அது முடியும், நல்ல காலம்.

விபரம் எடுக்க வருகிறவர்கள் அதிகம் இடறுவது வயதில். "மகனுக்கு என்ன வயது?" என்றால் எந்த வயதைச் சொல்வது? கூட்டிக்கொண்டு போன அன்று இருந்த வயதா, இன்று இருக்க வேண்டிய வயதா? தாய் பேசாமல் இருப்பார். எழுதுகிறவர் விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் உரத்துக் கேட்பார். அனுபவமுள்ளவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "பிறந்த ஆண்டு என்ன அம்மா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கழித்தல் கணக்கைப் பிறகு, கந்தோருக்குப் போய்ச் செய்கிறார்கள்.